எங்க வயசு ஆண்களின் கதை, சீரியல் ஏதாவது சொல்லுங்களேன்

வணக்கம் மக்கா. பாளையங்கோட்டைக்காரன், வயசு 47, தன்பாலீர்ப்பாளன். இங்கே சொல்லத் தயக்கமில்லை, வீட்டில்தான் இன்னும் வாய் வரவில்லை. எங்கள் வயசு ஆண்களைப் பற்றிய தொடர்கள் வேண்டும். கல்லூரிப் பையன்களின் காதல் போதும் போதும் என்றாகிவிட்டது.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அன்கப்புள்டு' பார்த்தேன், 17 வருஷம் கூட இருந்தவர் விட்டுப் போகிற கதை, ஆனால் அந்த நியூயார்க் பணக்கார வீடுகள் எனக்கு ஒட்டவில்லை. மனசில் நின்றது 2019இல் வந்த ஜப்பான் தொடர், 'வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே'. நாற்பதைத் தாண்டிய வக்கீல், அவர் துணைவர் சலூனில் முடி வெட்டுபவர். வக்கீல் விலை பார்த்துப் பார்த்துச் சாமான் வாங்கி வந்து ராத்திரிக்குச் சமைப்பார், பெரும்பாலும் அவ்வளவுதான். அதைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை நானே தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். "ரெண்டு பேருக்கு எதுக்குலே இம்புட்டு" என்றாள் அம்மா.

அந்த மாதிரி வேறு இருக்கா? கடைசியில் யாரும் சாகக் கூடாது. சப்டைட்டில் ஆங்கிலம் போதும், தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம். அப்புறம், ஹால் டிவி அம்மாவுடையது, அதனால் போனில் எதில் பார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்க.