நானோ காப்பர் மருந்து நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும்?

கட்டபெட்டு_தேயிலை:
வணக்கம். நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மழை பிடித்தால் கொப்புள நோய்க்கு வழக்கமாக காப்பர் ஆக்சி குளோரைடுதான் அடிப்போம். இந்த முறை கடையில் 'நானோ காப்பர்' என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். கொஞ்சமாகக் கலந்தாலே போதும், அதனால் அடிக்கிற ஆளுக்கும் ஆபத்து குறைவு என்கிறார் கடைக்காரர். எங்கள் தோட்டத்தில் மருந்து அடிப்பது என் அண்ணன். முகத்தில் துண்டைக் கட்டி, மருந்தைப் பனிபோல் ஊதும் மிஸ்ட் ப்ளோயரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். பனிக்காலம் வந்தால் அவருக்கு இரைப்பு வேறு. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது சரிதானா? நானோ துகள் செல்லைக் கெடுக்கும் என்கிறார்களே, எப்படி?

அரவேணு_மணி:
முதலில் லேபிளைப் பாருங்க. நோய் மருந்து என்று விற்றால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்கணும், நச்சுத்தன்மையைக் காட்டும் நிற முக்கோணமும் இருக்கணும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துடுங்க.

குன்னூர்_செல்வி:
தம்பி, நான் குன்னூர்க்காரி. கோவையில் ஓர் ஆய்வகத்தில் மனித நுரையீரல் செல்களை வளர்த்து, துகள்களைப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கேள்வியில் உங்கள் அண்ணன் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் எடையை மட்டும்தான் பார்க்கிறார். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நொறுக்கினால் எடை மாறாது. ஆனால் 6 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம்! வேதிவினை நடப்பது அந்த மேற்பரப்பில்தான். அதனால் கிராம் குறைந்ததை வைத்து மட்டும் ஆபத்தை எடைபோட முடியாது.

பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் சளியில் சிக்கி வெளியே வந்துவிடும். நானோ துகள் காற்றுப்பைகள் வரை போகும். அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கும். விழுங்கியது லைசோசோம் என்ற அமிலப் பைக்குப் போய்ச் சேரும். துகள் காப்பர் ஆக்சைடாக இருந்தால், வெளியே அவ்வளவாகக் கரையாத அது அந்த அமிலத்தில் கரைந்து தாமிர அயனிகளைக் கொட்டும். அவை செல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்தால் ஹைட்ராக்சில் என்ற, எதோடும் உடனே வினைபுரியும் துடிப்பான மூலக்கூறு (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாகும். பக்கத்தில் என்ன கிடைத்தாலும், சவ்வின் கொழுப்போ புரதமோ டி.என்.ஏ.வோ, அதைச் சிதைத்துவிடும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது இதுதான்.

செல்லும் சும்மா இருக்காது. முதலில் குளூட்டாதயோன் என்ற தற்காப்புப் பொருளைச் செலவழித்துத் தாக்குப்பிடிக்கும், என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டும். அதையும் மீறினால் அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா பி என்ற புரதம் விழித்துக்கொள்ளும், ஐ.எல்-6, ஐ.எல்-8 போன்ற அழற்சிச் சைகைகள் வெளியேறும். ஐ.எல்-8 நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அழைத்துவரும். வந்தவை தாங்களும் ஆக்சிஜனேற்றிகளைக் கக்கும், புண் இன்னும் பெரிதாகும். கடைசியில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா உடைந்து செல் செத்துப்போகும். இந்தப் படிநிலைகளை ஆண்ட்ரே நெல் குழுவினர் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் தெளிவாக எழுதினார்கள்.

இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆக்சிஜனேற்றம் நடந்தால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைச் செல்லில் ஏற்றுவோம். செல் வளரும் தட்டுகளில், காப்பர் ஆக்சைடு போட்ட தட்டில் முதலில் பச்சை ஏறும். அப்புறம், அடியில் பரந்து ஒட்டியிருந்த செல்கள் உருண்டு, பிடி விட்டு, மிதக்கத் தொடங்கும். 2008-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் பல உலோக ஆக்சைடு நானோ துகள்களை நுரையீரல் செல்களில் ஒப்பிட்டபோதும் மிக அதிகச் சேதம் செய்தது காப்பர் ஆக்சைடுதான்.

தட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நெஞ்சில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். தட்டில் நாங்கள் போடும் அளவு வேறு. உங்கள் பாட்டிலில் தாமிரம் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆனால் நானோ என்ற பேச்சே இல்லாத 1969-ல், போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டத்தில் தாமிரக் கலவை அடித்தவர்களின் நுரையீரல் நோயை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூச்சு வழியாகப் போகும் தாமிரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வழக்கமாக அடிக்கும் காப்பர் ஆக்சி குளோரைடு பவுடருக்கும் இது பொருந்தும், முக்கியமாக அதைப் பிரித்துக் கொட்டிக் கலக்கும் நேரத்தில்.

கட்டபெட்டு_தேயிலை:
ரொம்ப நன்றி அக்கா. லேபிளில் பதிவு எண்ணே இல்லை, நாளைக்கே திருப்பிக் கொடுக்கிறேன். இன்னொன்று, துகள் இவ்வளவு சின்னது என்றால் மாஸ்க் போட்டும் பிரயோஜனம் உண்டா?

குன்னூர்_செல்வி:
உண்டு. என் 95 மாஸ்க்குக்குப் பிடிக்கக் கஷ்டமானது ஏறக்குறைய 30 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும் துகள்தான், அதையும் பெரும்பாலும் பிடித்துவிடும். அதைவிடச் சின்னது நேராகப் போகாமல் அலைபாய்ந்துகொண்டே போவதால் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் காற்று கசியாமல் முகத்தோடு படியவேண்டும், அதுதான் முக்கியம். தாடி இருந்தால் படியாது. துண்டு இதற்கு உதவாது. ஈரமானால் மாஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

அண்ணனுக்கு இரைப்பு இருக்கிறதே, மாஸ்க் போட்டு மூச்சு இழுப்பதே அவருக்குச் சிரமமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டும் வரை இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள், தம்பி.

அரவேணு_மணி:
அடிக்கிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கணும். நம்ம சரிவில் மத்தியானம் காற்று கீழிருந்து மேலே ஏறும், அதனால் காலையிலேயே முடிச்சுடுங்க. ஆள் வேணும்னா சொல்லுங்க, எங்க ஹட்டியில் (ஊரில்) மாஸ்க் போட்டு அடிக்கிற பையன் இருக்கான்.