திரும்பும்போது நின்றுபோகும் ஜிபிஎஸ்: செஸ்னா ஓட்டுபவர்கள் உதவுங்கள்

வணக்கம். சமவெளியில் விமானப் பயிற்சி, வீடு கோத்தகிரி. செஸ்னா 172 (இறக்கை மேலே இருக்கும் சிறிய விமானம்), பழைய முள் கருவிகள் உள்ள பேனல். யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) மாட்டியிருப்பது ஐபேட் மினி 6, வைஃபை மட்டும் உள்ள மாடல். அதில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது என்பதால் புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி, மலையை இடப்புறம் வைத்து 5,500 அடியில் போகும்போது நேராகப் பறந்தால் எல்லாம் சரி. மலையை விட்டு வலப்பக்கம் சாய்த்துத் திரும்பினால் வரைபடத்தில் விமானக் குறி அப்படியே நின்றுவிடுகிறது. குஞ்சப்பனை என்ற ஊரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், நாங்களோ எப்போதோ கடந்திருப்போம். இறக்கை நேரானதும் ஒரே தாவல்! மே மாதத்திலிருந்து இதே கதை.

ரிசீவரை மாற்றிப் பார்த்தாயிற்று, ஆப்பை அழித்துப் போட்டாயிற்று. பன்னிரண்டு வோல்ட் சார்ஜரைக் கழற்றினால் ஹெட்செட்டில் கேட்கும் இரைச்சல் குறைகிறது, குறி நிற்பதும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் தீரவில்லை. இதே ரிசீவர் கோத்தகிரி மலைப்பாதையில் ஜீப் டேஷ்போர்டில் ஒரு கொண்டை ஊசியிலும் தவறியதில்லை. பின் ஜன்னல் ஓரம் வைக்கலாம் என்றால், மேலே இறக்கையின் தகரம் வானத்தை மறைக்குமே என்று யோசனை. முன்கண்ணாடி வெயிலோ ரிசீவரைச் சுட வைக்கிறது.

வழி பார்க்கக் காகித வரைபடம் இருக்கிறது, அதனால் ஆபத்தில்லை. மேல் இறக்கை விமானத்தில் ரிசீவரை எந்த இடத்தில் பொருத்தினால் சாய்வுத் திருப்பத்திலும் சிக்னல் விடாது?