மாஸ்டர் பிளானுக்குச் சுற்றுச்சூழல் குறிக்கோள்கள்: எதை வைப்பது, எதை வெட்டுவது?

ஏரிக்கரை:
தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகரின் மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) வரைவுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்கிறோம். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தனித்தனித் திட்டப்பணிகளுக்கு மட்டும்தான் என்பதால், திட்டங்களின் சுற்றுச்சூழல் விளைவை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/42 டைரக்டிவை (சட்ட நெறிமுறை) மாதிரியாக எடுத்துக்கொண்டோம். இப்போது கையில் 22 குறிக்கோள்கள், அவற்றை அளக்க 64 குறிகாட்டிகள். எதை வெட்டலாம்? பசுமைப் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்தால் போதுமா?

வரைபடக்காரர்:
அந்த டைரக்டிவ் இப்படிச் சொந்தமாகக் குறிக்கோள் பட்டியல் போடச் சொல்லவில்லை; ஏற்கெனவே உள்ள பாதுகாப்புக் குறிக்கோள்களைக் கணக்கில் எடுக்கத்தான் சொல்கிறது. அது முக்கியமாகக் கேட்பவற்றில் மூன்று: இன்றைய நிலை, திட்டம் வராவிட்டால் அது எப்படி மாறும், திட்டத்தால் என்ன ஆகும். இவற்றைச் சோதிக்கும் கருவிதான் குறிக்கோள். 10 முதல் 15 போதும்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு குறிகாட்டி.

ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ஒரு நிறத்தை மாற்றினால் இந்த எண் நகருமா? நகராவிட்டால் வெட்டுங்கள். ‘நீர்வளம் காத்தல்’ எந்த வரைவையும் தடுக்காது. ‘ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் நிகர இழப்பு கூடாது, வெள்ளம் தேங்கும் இடத்தில் புதிய குடியிருப்பு மண்டலம் கூடாது’ என்று எழுதினால் இரண்டு மாற்று வரைவுகளை ஹெக்டேர் கணக்கில் ஒப்பிடலாம். நட்ட மரக்கன்று எண்ணிக்கையைத் தயவுசெய்து தூக்கிவிடுங்கள். அது செலவுக் கணக்கு.

கிணற்றடி:
பசுமைப் பரப்பு மட்டும் போதாது, ஆபத்தும்கூட. ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டினால் படத்தில் பச்சை கூடும். பசுமைக் குறிக்கோள் வெற்றி, நீர்க் குறிக்கோள் தோல்வி. நீர்நிலை எல்லைக்குள் இருக்கும் பச்சையைத் தனியாகப் பிரியுங்கள். படங்களும் ஒரே பருவத்தவையாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால், வற்றிய ஏரியெல்லாம் ஆக்கிரமிப்பு போலத் தெரியும். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படத்தின் நுணுக்கம் 10 மீட்டர். 4 மீட்டர் அகல வாய்க்கால் அதில் அகப்படாது. அதற்கு நில அளவைத் துறையின் புல வரைபடமும் நேரில் போய்ப் பார்ப்பதும்தான்.

நிலத்தடி நீருக்குக் குறுவட்டவாரி உறிஞ்சல் விகிதம் (ஆண்டில் எடுக்கக்கூடிய நீரில் எத்தனை சதவீதம் எடுக்கப்படுகிறது) இருக்கிறது: 70% வரை பாதுகாப்பானது, 100% தாண்டினால் மிகைச் சுரண்டல். மழை கூடினாலே இந்த எண் இறங்கிவிடும். அதனால் திட்ட எல்லைக்கு வெளியே அதே பாறையமைப்பு உள்ள ஒரு குறுவட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏரிக்கரை:
நன்றி. காற்றுக்கு பிஎம்10 (10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) ஆண்டுச் சராசரியை வைத்திருக்கிறோம். தேசியத் தரம் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஊரில் ஒரே ஒரு நிலையம், அதுவும் பேருந்து நிலையம் பக்கத்தில்.

வரைபடக்காரர்:
அதைப் பின்னணித் தகவலாக மட்டும் வையுங்கள். ஒரு நிலையம் ஊர் முழுவதையும் சொல்லாது, அந்த எண் ஏறி இறங்குவதற்குத் திட்டமும் காரணமாக இருக்காது. பதிலாக: சிவப்பு வகை (அதிகம் மாசுபடுத்தும்) தொழிற்சாலைகளை ஒட்டி எத்தனை ஹெக்டேர் குடியிருப்பாக மண்டலப்படுத்தப்படுகிறது, புதிய குடியிருப்பு நிலத்தில் எத்தனை சதவீதம் பேருந்து நிறுத்தத்திலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறது.

கிணற்றடி:
இன்னொன்று. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எதிரே நான்கு கட்டம் போடுங்கள்: யார் அளக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த அளவு தாண்டினால் எச்சரிக்கை, அப்போது யார் என்ன செய்வார்கள். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அங்கே ‘கண்காணிக்கப்படும்’ என்று எழுதாதீர்கள். ‘அந்த மண்டலத்தில் மனை அனுமதி மறுபரிசீலனை வரை நிறுத்தம்’ என்பது போல எழுதி, நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் ஒப்புதலை வரைவு நிலையிலேயே வாங்கிவிடுங்கள்.