8 வயசு பையனுக்கு பாக் இசைய எப்படி அறிமுகப்படுத்துறது?

கயல்_அம்மா:
பையன் கீபோர்டு கிளாஸ் போறான். மிஸ் ஜி மேஜர் மினுவெட்னு ஒரு சின்ன டான்ஸ் பீஸ் குடுத்துட்டு வீட்ல பாக் நிறைய கேக்க விடுங்கன்னு சொல்லிருக்காங்க. யூடியூப்ல போட்டா ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டேங்குறான், "யாரும்மா இந்த விக் வச்ச தாத்தா"ன்னு கேட்டுட்டு ஓடிடுறான். எனக்கும் வெஸ்டர்ன் கிளாசிக்கல் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்கேந்து ஆரம்பிக்கலாம், யாராச்சும் சொல்லுங்களேன்.

ரெட்டைச்சுழி:
அந்த தாத்தா படத்த மொதல்ல ஒளிச்சு வைங்க சிஸ் :) 20 வயசு பாக்ல ஆரம்பிங்க. ஜெர்மனில ஆர்ன்ஸ்டாட்னு சின்ன ஊர், சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற வேல. 1705ல லூபெக் ஊர்ல பக்ஸ்டஹூடன்னு ஒரு பெரிய ஆர்கன் வித்வான் வாசிக்கிறத கேக்கணும்னு நாலு வாரம் லீவு வாங்கிட்டு கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் நடந்தே போனவரு, திரும்பி வந்தது ஏறக்குறைய நாலு மாசம் கழிச்சு! சர்ச் பெரியவங்க கூப்ட்டு வச்சு கேள்வி கேட்ருக்காங்க. அதுக்கு முன்னாடியே பாசூன்னு ஒரு ஊதுற வாத்தியம் வாசிக்கிற ஒரு ஸ்டூடண்ட்ட நக்கலடிச்சு, அவன் தடியோட வழிமறிச்சு, இவரு கத்திய உருவி நடுத்தெருவுல ஒரே ரகள. அப்புறம் 1717ல வேலைய விட்டே தீருவேன்னு அடம் புடிச்சதுக்கு அப்போ இவரு வேல பாத்துட்டிருந்த வைமார் ஊர் டியூக் (அந்த ஊர ஆண்டவரு) கிட்டத்தட்ட ஒரு மாசம் உள்ள தூக்கி வச்சிட்டாரு. பசங்க வாயப் பொளந்துட்டு கேப்பாங்க.

பெடல்பாயிண்ட்:
கதை ஓகே ப்ரோ, ஆனா கதைய கேட்டுட்டு பாட்டு கேக்காம போயிட்டா என்ன பிரயோஜனம். பாக்கோட ஜி மைனர் "லிட்டில் ஃபியூக்" போடுங்க, ஆர்கன் பீஸ், சின்னது தான். ஆர்கன்ல காலால மிதிச்சு வாசிக்கிற கட்டைங்களும் இருக்கும். வாசிக்கிறவர் காலு தெரியுற வீடியோவா பாத்து எடுங்க. மொதல்ல ஒரு மெட்டு தனியா மேல வரும், அதே மெட்டு கொஞ்சம் கீழ ரெண்டாவதா, இன்னும் கீழ மூணாவதா, கடைசியா கைய விட்டுட்டு கால்ல வரும். ஒவ்வொரு தடவ வரும்போதும் கைய தூக்க சொல்லுங்க, கால்ல வரும்போது தரைய மிதிக்க சொல்லுங்க. அதுக்கப்புறமும் அந்த மெட்டு நடுவுல ஒளிஞ்சு ஒளிஞ்சு வரும், அத கண்டுபிடிக்கிறதுல பெரியவங்களே கோட்ட விடுவோம்.

இன்னொண்ணு, அந்த மினுவெட் பாக் எழுதினதே இல்லீங்க, கிறிஸ்டியன் பெட்சோல்டோடது. பாக்கோட ரெண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவோட 1725 நோட்டுல இருந்ததால இவர் பேர்லயே ஓடிருச்சு. மிஸ் கிட்ட சொல்லி வம்புல மாட்டிக்காதீங்க.

மொட்டைமாடி:
எங்க வீட்ல ரூட்டே வேற. ராஜா சாரோட 1986 "ஹவ் டு நேம் இட்" ஆல்பத்துல "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்". அதுல வர்ற வயலின் பாக் சோலோ வயலினுக்கு எழுதின ஈ மேஜர் பார்ட்டிட்டாங்கிற தொகுப்போட மொத பீஸ், பிரெலூட். மொதல்ல சோலோ வயலின்ல அத போட்டுட்டு அடுத்து ராஜா சார் வெர்ஷன போட்டா "இதுல என்ன புதுசா வந்திருக்கு"ன்னு பசங்களே கேக்குதுங்க.

கயல்_அம்மா:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். ஃபியூக் போட்டேன், மூணு தடவ கை தூக்கிட்டான், கால்ல வர்றது மட்டும் எங்க ரெண்டு பேருக்குமே கேக்கலயே?

பெடல்பாயிண்ட்:
ஃபோன் ஸ்பீக்கர்ல போட்ருப்பீங்க, அந்த கீழ் சத்தம் அதுல வராது. ஹெட்ஃபோன் மாட்டி விடுங்க.