கல்லடிக் குடும்பம்

நிரோ: சுதன் வெள்ளி விடிய தனிய வெளிக்கிடுறானாம். ஆரிட்டயாவது டென்ட் கிடக்கா?

கமலா பெரியம்மா: தனியவா??? கலியாணம் கிட்ட வந்துட்டு

ராசன் சித்தப்பா: ஆர்ர கலியாணம்? எங்கட வீட்டுக்கு ஒரு காட்டும் வரல்லியே

சுதன்: நாலு நாள்தான் பெரியம்மா. செங்கலடி, மகா ஓயா, பதுளை, நுவரெலியா, எல்ல, பொத்துவில், வீடு. ஸ்கூட்டியில

அருள் மாமா: மருமகன், ஏத்தம் பிரச்சினையில்ல. எல்லயில இருந்து வெல்லவாயவுக்கு இறங்குறதுதான். எல்ல ஆயிரம் மீற்றருக்கு மேல, 27 கிலோமீற்றருக்குள்ள அடிவாரம். ஸ்கூட்டியில கியர குறைச்சு எஞ்சினால பிடிக்க ஒண்ணா. அக்சிலேட்டர முழுக்க விட்டா வேகம் குறையக்குள்ள கிளட்சும் விட்டிரும், வண்டி சும்மா உருளும். கொஞ்சம் முறுக்கிப் பிடி. எஞ்சின நிப்பாட்டாத. பிறேக்க விடாம அமத்தினா ஒயில் கொதிச்சு லிவர் பஞ்சு மாதிரிப் போகும். அமத்து, விடு, அமத்து. ராவணா எல்ல நீர்வீழ்ச்சியடியில நிப்பாட்டி ஆறவிடு, டிஸ்க்குக்குத் தண்ணி ஊத்தாத. போகமுதல் பிறேக் ஒயில் மாத்து, டொட் 4. புதுசு 230 பாகை தாங்கும், ஈரம் இழுத்தது 155லயே கொதிக்கும்

நிரோ: மாமா டென்ட்?

ராசன் சித்தப்பா: என்னட்டக் கிடந்தது. கூலர் பெட்டியோட சேத்து ஒரு ஆள் வாங்கிட்டுப் போன. பேர் சொல்லல்ல

கமலா பெரியம்மா: அந்தக் கூலருக்கு வரக்குள்ளயே மூடி இல்ல ராசன்

நிரோ: 🙊

சுதன்: ஹோட்டன் சமவெளியில படுக்கலாமா மாமா?

அருள் மாமா: வனசீவராசிகள் திணைக்களத்தில முன்கூட்டியே அனுமதி எடுத்தாத்தான். வாசல்ல பொலித்தீன் பாப்பாங்க, சாமான துணிப்பையில கட்டு. நீ கச்சான் சூட்டுக் காத்துக்குள்ள இருந்து போறாய், அங்க 2100 மீற்றர். குளிருக்க கேஸ் டின்னுக்குள்ள அழுத்தம் குறைஞ்சு நெருப்பு மங்கும். டின்ன நெருப்பில காட்டாத, இரவைக்குப் போர்வைக்குள்ள வை. அடுப்பு டென்டுக்கு வெளியதான், காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்ல. கீழ விரிக்கிற சீற் டென்ட்டுக்கு வெளிய நீட்டினா மழைத்தண்ணி அதில விழுந்து அடியால வரும், உள்ளுக்கு மடி

ராசன் சித்தப்பா: ஆனைய மறந்திட்டீங்க அத்தான்

அருள் மாமா: வாறன். சியம்பலாண்டுவ தாண்டி லகுகல பக்கம் ஆனை றோட்டுக்கு வரும். பொழுதுபட முதல் பொத்துவில் சேரு. நிண்டா ஹோண் அடிக்காத, லைட்ட கூட்டாத, தூரத்திலயே நில்லு. பழம், அரிசி, உப்பு ஒண்டும் டென்ட்டுக்குள்ள வைக்காத. அறுகம்பே கடற்கரை மணல்ல டென்ட் முளை நிக்காது. பையில மணல நிரப்பி, கயித்தக் கட்டி, ஒண்டரை அடி தாட்டு

நிரோ: கேட்டது டென்ட் 😂

கமலா பெரியம்மா: சரி போறதெண்டா பதுளையில பாலா அண்ணன் வீட்ட கலியாணக் காட்டக் குடு. வெலிமடையில உருளைக்கிழங்கு மலிவு, பத்துக் கிலோ வாங்கு

ராசன் சித்தப்பா: பதுளைக்குக் காட் போகுது 👏

அருள் மாமா: அக்கா, பின்னுக்குப் பத்துக் கிலோ ஏத்தினா முன் டயர் லேசாகும். அதோட எல்ல இறக்கம் இறங்க ஒண்ணா. சாமான் பாரத்த கால் வைக்கிற இடத்தில வைக்கணும், பின் டயருக்குக் காத்தும் கொஞ்சம் கூட்டணும்

கமலா பெரியம்மா: அப்ப ஆறு கிலோ. மண் ஒட்டினதாப் பாத்து எடு சுதன், கழுவினது நிக்காது