குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பங்குனியில் பாருங்கள்

மலைக் குடியிருப்புகளில் நடக்கும் திட்டப் பணிகளைக் கவனிக்கும் நம் குழுவின் இரு உறுப்பினர்கள் தம் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

கோத்தகிரி உறுப்பினர்:

கோத்தகிரிக்குக் கீழே, கிழக்குச் சரிவில் உள்ள ஓர் இருளர் குடியிருப்பில், வெளிநாட்டு நன்கொடையைக் கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் ஊற்றுநீர்த் திட்டம் ஒன்றைச் செய்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நன்கொடையாளர் அனுப்பிய மதிப்பீட்டாளர் தை மாதத்தில் வந்தார். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இச்சரிவில் எந்த ஊற்றும் ஓடத்தான் செய்யும். குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது, குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள், பணி நிறைவு என்று அறிக்கை போயிற்று. பங்குனியில் நாங்கள் சென்றபோது அதே குழாயடியில் காலிக் குடங்கள் வரிசையில் நிற்க, பெண்கள் பழையபடி ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஊற்றுவரை ஏறிப் பார்த்தோம். குடியிருப்பின் தலைவரான மூப்பர் பத்திரமாக வைத்திருந்த ஒப்பந்த நகலில், இரும்புக் குழாய் மண்ணுக்கடியில் பதிக்கப்படும் என்றிருந்தது. களத்திலோ கறுப்பு ஓஸ் புதர்மேல் கிடந்தது. காட்டெருமை மிதித்து நசுங்கிய இடங்களில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசு செய்யும் பணிக்கு அது பொருந்தும். 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம் ஆவணத்தோடு நில்லாமல், பணியை நேரில் பார்வையிடவும் கட்டுமானப் பொருளின் மாதிரியைக் கேட்டுப் பெறவும் உரிமை தருகிறது. அரசின் கணிசமான நிதி பெறாத தொண்டு நிறுவனத்திடம் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. எனினும் வெளிநாட்டு நிதி பெறுவோர், நிதியாண்டு முடிந்த 9 மாதங்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிட்டாக வேண்டும். அதில் நிர்வாகச் செலவு தெரியும் (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 விழுக்காடு உச்சவரம்பு). குழாய் இரும்பா, ஓஸா என்பது தெரியாது. அதற்கு மூப்பரின் நகல்தான் உதவியது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் மக்களே தீர்மானம் போட்டார்கள்; நகலையும் படங்களையும் இணைத்து நன்கொடையாளருக்கு அனுப்பினோம். கடைசித் தவணை இன்னும் விடுவிக்கப்படாமல் இருந்ததால்தான் அக்கடிதத்துக்குப் பதில் வந்தது என்பது என் கணிப்பு. குழாய் மாற்றப்பட்டது, கோடையில் ஊற்றே மெலிவதற்கு அவர்களிடம் இன்றளவும் விடையில்லை.

தாண்டிக்குடி உறுப்பினர்:

பழனி மலையின் கீழ்ச்சரிவில் எங்களுக்குக் குழாயைவிடக் கையெழுத்துதான் பெரும் தொல்லை. காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில், கூலிக்குப் போகும் பகல் நேரத்தில், பளியர் பழங்குடிக் குடியிருப்பில் ஆலோசனைக் கூட்டம் வைப்பார்கள். வீட்டில் இருக்கும் முதியவர்கள் வருகைத்தாளில் கைநாட்டு வைப்பார்கள். அத்தாளே பிறகு மக்களின் ஒப்புதல் என்று கோப்பில் இருக்கும். ஒருமுறை ஒரு பாட்டி மையை விரலில் தொடாமலே, "வந்ததுக்கு வைக்கிறேனா சாமி, ஒத்துக்கிட்டதுக்கு வைக்கிறேனா?" என்று கேட்டார். கூட்டம் நடத்தியவர் பதில் சொல்லவில்லை.

உலக வங்கிக் கடன் திட்டமானால், 1993-இல் உருவாக்கப்பட்ட அதன் ஆய்வுக் குழுவுக்குப் (Inspection Panel) பாதிக்கப்பட்டவர்கள் இருவர் சேர்ந்து தமிழிலேயே புகார் எழுதலாம். பெயரை மறைக்கவும் கோரலாம். அங்கே போகும்போது இந்த ஒப்புதல் தாள்தான் முதலில் எதிரே வந்து நிற்கும். ஆகவே இப்போது நாங்கள் கூட்டத்தை மாலைக்கு மாற்றக் கேட்கிறோம்; தாளின் தலைப்பில் "வருகைக்கு மட்டும்; ஒப்புதல் அன்று" என்று எழுதிய பிறகே அதைக் கைமாற்றுகிறோம். ஓர் அலுவலர் அப்படி எழுதிய தாளை வாங்க மறுத்து, புதிய தாள் கேட்டார். எழுதிய தாளைப் படம் எடுத்து, அன்றே பதிவுத் தபாலில் அவருடைய மேலலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம்.