ஆள் இல்லாத குடோனை ராத்திரியில் தொலைவிலிருந்து கண்காணிக்க: வெளியில் படம் வரவில்லை, அலாரம் ஓயவில்லை

நூல்குடோன் (திருப்பூர்)

வணக்கமுங்க. நூலும் பனியன் துணியும் வைக்கிற குடோன், 6,000 சதுர அடி. 16 சேனல் என்விஆர் (கேமராப் படத்தைப் பதியற பெட்டி), 4 மெகாபிக்சல் ஐபி கேமரா 12 (எல்லாமே 2.8 எம்எம் லென்ஸ்), 4 டிபி டிஸ்க். ராத்திரி 9 மணிக்குப் பூட்டினா காலையில 8 வரைக்கும் ஆள் கிடையாது. கண்காணிப்பு மையம் ஒண்ணுகிட்ட ஒப்படைக்கலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி இதையெல்லாம் சரி பண்ணணும்:

1. ரவுட்டர்ல போர்ட் (வெளியிலிருந்து உள்ள வர்ற வழி) திறந்தும் வெளியிலிருந்து படம் வரலை.
2. மோஷன் அலர்ட் (அசைவைக் கண்டா வர்ற எச்சரிக்கை) விடிய விடிய வந்துட்டே இருக்குது.
3. மூணு கேமரா ராத்திரியில மட்டும் அணைஞ்சு அணைஞ்சு வருது.
4. 30 நாள் பதிவு வேணும். இப்ப ரெண்டு வாரத்துல அழிஞ்சுடுது.

போர்ட்மூடி

முதல் கேள்விக்கு. உங்கள் ரவுட்டருக்கு இணைய நிறுவனம் தந்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநாட்: ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வைக்கிறார்கள். போர்ட் திறப்பதும் டிடிஎன்எஸ் (மாறும் ஐபிக்கு நிலையான பெயர்) போடுவதும் வீண். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரைக்கும் வரவே வராது.

திறக்க முடியாமல் போனதும் நல்லதுதான். 2021 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2021-36260 என்ற ஹிக்விஷன் கேமராப் பாதுகாப்பு ஓட்டையில் பாஸ்வேர்டே இல்லாமல் கேமராவைக் கைப்பற்ற முடிந்தது. 2016-இல் கேமராக்களைத் தொற்றும் மிராய் என்ற நச்சுநிரல் பரவியது யாரும் மாற்றாமல் விட்ட டீஃபால்ட் பாஸ்வேர்டு வழியாக.

குடோனிலிருந்து வெளியே போய் இணைகிற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) ஒன்றுதான் வழி. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் ஓடும் ரவுட்டர் குடோனில்; சர்வர், பொது ஐபி உள்ள அலுவலகத்திலோ விபிஎஸ் என்ற வாடகை இணைய சர்வரிலோ. கீப்அலைவை (இணைப்பு விழித்திருக்க அனுப்பும் சிறு தகவல்) 25 நொடிக்கு ஒருமுறை என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வழி அடைத்துக்கொள்ளும். 4ஜி சிம்மும் பெரும்பாலும் சிஜிநாட்தான். பிராட்பேண்ட் அறுந்து சிம்முக்கு மாறினாலும் இதே விபிஎன் எழுந்துவிடும்.

சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த படம்) தலா 512 கேபிபிஎஸ் என்றால் 12-க்கும் சேர்த்து 6 எம்பிபிஎஸ் அப்லோடு. மெயின் ஸ்ட்ரீமை (முழுத் தரப் படம்) அலாரம் அடித்த கேமராவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மையத்துக்குத் தனி யூசர், லைவும் பிளேபேக்கும் மட்டும். அட்மின் பாஸ்வேர்டு கைமாறக் கூடாது.

கிரிம்பர்

3-க்கு: ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத இரவு வெளிச்சம்) எரியறப்ப கேமரா இழுக்கிற வாட் ஏறும். பகல்ல 3–4 வாட்னா ராத்திரி 7–8 வரைக்கும் போகும். அந்த மூணும் தூரத்துக் கேமராதானே? கேபிள் நுனியைக் கத்தியால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா இருந்தா சிசிஏ, அதாவது செம்பு பூசின அலுமினியம். தூரம் கூடக்கூட வோல்ட் விழுந்து கேமரா ரீஸ்டார்ட் ஆகும். சந்தேகம்னா ஒரு ராத்திரி அந்த மூணுக்கும் மெனுவுல ஐஆரை அணைச்சு வைங்க. இணைப்பு அறலைன்னா ஒண்ணு கேபிள் கோளாறு, இல்லை சுவிட்சோட பிஓஇ (நெட் கேபிள் வழியே கேமராவுக்குத் தர்ற கரண்ட்) வாட் பத்தலை. மாத்தறப்ப சுத்த செம்பு கேட்6, 100 மீட்டருக்குள்ள. வெளியில இருக்கிற ஆர்ஜே45 கனெக்டருக்கு மழை மூடி போடுங்க, இல்லைன்னா பின் பச்சை பூத்துடும்.

4-க்கு: கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ், விடாம பதிஞ்சா நாளைக்கு 21.6 ஜிபி. 12-க்கு 259 ஜிபி, 30 நாளுக்கு 7.8 டிபி. 8 டிபி மூச்சுமுட்டும், 10 டிபி போடுங்க. கண்காணிப்புக்குன்னே வர்ற டிஸ்க்கா இருக்கணும்.

நீங்க கேட்கலை, ஆனா கரண்ட் கட்? என்விஆர், பிஓஇ சுவிட்ச், ஓஎன்டி (ஃபைபர் நெட் பெட்டி), ரவுட்டர் சேர்ந்து 150 வாட் வரும். சின்ன யூபிஎஸ்ஸோட 7 ஏஎச் பேட்டரி அரை மணி கூடத் தாங்காது. 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி 5 மணி நேரம் போகும். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடுல வைங்க, இல்லைன்னா மாறுற நேரத்துல என்விஆர் ரீபூட் ஆகலாம். ஓஎன்டியையும் அதுலயே சொருகுங்க. பல இடத்துல கேமரா ஓடிட்டிருக்கும், நெட் செத்துக் கிடக்கும்.

இரவுப்பணி

மற்றதெல்லாம் ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது; அலாரம் அப்படியல்ல. பொய் அலாரம் பெருகினால் மையத்தில் இருப்பவர் பார்க்காமலேயே மூடத் தொடங்குவார், உண்மையான ஆள் வந்தபோதும்.

சாதாரண மோஷனை அணைத்துவிடுங்கள். கோடு தாண்டுதல், எல்லைக்குள் நுழைதல் ஆகியவற்றை மனிதர், வாகனம் வடிகட்டியோடு போடுங்கள். கோட்டை மதிலுக்கு உள்ளே வரையுங்கள். தெருவும் மரக்கிளையும் எல்லைக்குள் விழக் கூடாது. லென்ஸை ஒட்டிய ஐஆர் வெளிச்சத்தில் பூச்சியும் சிலந்திவலையும் பளீரென்று தெரியும். அந்த ஐஆரை அணைத்து, ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித் தனி ஐஆர் விளக்கு (இல்லுமினேட்டர்) வைத்தால் பெரும்பகுதி அடங்கும்.

அலாரத்தைத் தொடங்கி வைக்கும் வேலையைக் கேமராவை மட்டும் நம்பி விடாதீர்கள். ஷட்டருக்கு மேக்னடிக் சென்சாரும் உள்ளே ஒரு பிஐஆர் சென்சாரும் (உடல்சூட்டின் அசைவை உணர்வது) வைத்து என்விஆரின் அலாரம் உள்ளீட்டில் கோத்துவிடுங்கள். படம் பார்த்து உறுதி செய்யட்டும். என்னைக் கேட்டால் பதின்மூன்றாவது கேமராவைவிட இதற்குப் பலன் அதிகம்.

எல்லாமே 2.8 எம்எம் என்பது தவறு. அது சுமார் 100 டிகிரி பார்க்கும். கேமராக் கண்காணிப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பின்படி தெரியாத முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும்; 2560 பிக்சல் அகலப் படத்தில் அது 4 மீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது. கேட்டுக்கு 6 எம்எம் போட்டால் 10 மீட்டர் வரை கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: கேமரா துண்டிப்பு, டிஸ்க் கோளாறு, நெட் போவது மூன்றையும் அலாரமாகவே நடத்த வேண்டும், முதலில் யாருக்கு போன், எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, எப்போது 112. என்விஆர் கடிகாரத்தை இணைய நேரம் தரும் என்டிபியோடு இணையுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவோடு கோர்ட்டில் தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். நேரம் தப்பாக ஓடிய பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

நூல்குடோன்

ரொம்ப நன்றிங்க. ஐபி 100.72-ல தொடங்குது, கேபிளும் உள்ள வெள்ளைதானுங்க. மையத்துல ஹார்ன் ஸ்பீக்கர் வைக்கச் சொல்றாங்க. தேவைங்களா?

இரவுப்பணி

தேவை. கேமராவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மதில் வரைக்கும் எட்டாது. பதிவு செய்த எச்சரிக்கையை மட்டும் ஓட்டினால் ஆட்கள் பழகிவிடுவார்கள். “நீலச் சட்டை, ஏணியைக் கீழே வை” என்று பார்த்துச் சொல்லும் குரலுக்குத்தான் பயம். சில ஐபி ஹார்னுக்கு 802.3ஏஎஃப் வகை பிஓஇ போதாது, கூடுதல் வாட் தரும் ஏடி போர்ட் வேண்டும். வாங்கும் முன் சுவிட்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.